குமட்டியோடு முடிக்காத பேரம்

பந்தியில் சாப்பிட்ட சனம் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தால், மோர் புளித்துவிட்டது, மீன் கெட்டுவிட்டது, எவனோ கண் வைத்துவிட்டான் என்று திசைக்கொரு பக்கம் கையைக் காட்டுகிறாயே, செய்தவன் நீதானய்யா. வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்தபடி நின்ற சமையல்காரனை ஊருக்கு அனுப்பாமல், கரண்டியை அவன் கையில் திணித்தவன் நீ. இல்லையென்று சொல்லாதே. உனக்கு முன்னால், முதல் முதலாக அதைச் செய்தவன் ஒருவன் இருந்தான். அவன் பட்டதைக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திற.

மாடும் நண்டும் மனிதனும் ஒரே பாஷையில் வாயாடிக்கொண்டிருந்த காலம் அது. நோய்களுக்கும் வாய் இருந்தது. இப்போதுபோல அவை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு சந்தை கூடும். ஊருக்குள் இடம் தேடுகிற நோய் எதுவானாலும் அங்கே வந்து தரகன் முன்னால் நின்று, எங்கே தங்குவது, எவ்வளவு காலம் படுத்துவது என்று பேசி முடித்த பிறகுதான் உள்ளே வரலாம். குளிர்காய்ச்சல் கொசுவின் மூக்கில் இடம் பிடித்தது அந்தச் சந்தையில்தான்.

தரகன் பேர் சொரிமுத்து. சந்தைக்குச் சாணி அள்ள வந்தவன். மாட்டிடம் உதை வாங்கி, வியாபாரியிடம் அறை வாங்கி, ஏமாந்து ஏமாந்து பேரம் படித்தவன். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். எதிராளி சொன்ன முதல் பேச்சுக்குச் சரியென்று தலையாட்டியது அவன் வாழ்க்கையில் கிடையாது. பேசி முடித்த பிறகும், இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் இறங்கியிருப்பானோ என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசு அரிக்கும்.

அந்தச் சந்தையில் பேரத்தை ஊர் கேட்கப் பேசமாட்டார்கள். தரகனும் எதிராளியும் கையை நீட்டுவார்கள், மேலே ஒரு துண்டு விழும். உள்ளே விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, அழுத்தினால் சம்மதம், உதறினால் இல்லை. ஒத்துப்போனதும் இருவரும் ஆற்றில் இறங்கி, ஓடுகிற தண்ணீரில் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிவிட்டால் பேரம் முடிந்தது, அப்புறம் யாரும் ஒரு சொல்லை மாற்ற முடியாது. கழுவாத கை என்றால் பேரம் இன்னும் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். திறந்து கிடக்கிறவரை, விலைபோகாத மாடு தரகன் தொழுவத்தில் நிற்பதுபோல, எதிராளி தரகனோடுதான் தங்குவான்.

ஒரு சந்தை நாள். கழிமுகப் பாறையில் ஒட்டிக் கிடக்கிற ஆளிச் சிப்பி, ஊர் கழித்துவிடும் தண்ணீரையெல்லாம் குடித்துக் குடித்தே வளர்ந்த ஜந்து, அலையில் உருண்டு வந்து சொரிமுத்து முன்னால் வாயைத் திறந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. தன் பேர் குமட்டி என்றும், தனக்கு வீடு வாசல் எதுவும் இல்லை, தங்க ஓர் இடம் வேண்டும் என்றும் அந்தக் குரல் பணிவாகக் கேட்டது.

சந்தையே சிரித்தது. தூசியைவிடச் சிறிய ஆளுக்கு ஒரு துண்டா, தும்மினால் பறந்துவிடுமே என்று நண்டு கேலி செய்தது. சொரிமுத்துவுக்கோ அவசரம். மறுநாள் அவன் மகள் ஆவுடைக்குக் காதுகுத்து. வெகுகாலம் கழித்து வந்த பிள்ளை, இப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ஊரையே அழைத்திருந்தான். துண்டை எடுத்துப் போட்டான்.

விரல் இல்லாத ஆளோடு அவன் பேசியது அதுதான் முதல் தடவை. விரல் நுனியில் ஏதோ ஊர்கிறமாதிரி இருந்தது. பிடித்த ஆளைச் சாகிறவரை விடமாட்டேன் என்று ஆரம்பித்தது குமட்டி. உதறினான். வருஷம் என்றது. உதறினான். மாதம், வாரம் என்று இறங்கி, கடைசியில் இரண்டு மூன்று நாளில் வந்து நின்றது. தங்குமிடம் ஆளியின் வயிறு மட்டும்தான், ஆளியைப் பச்சையாகத் தின்கிறவனைத் தவிர வேறு யாரையும் தொடக்கூடாது என்றும் கட்டிப்போட்டான். இவ்வளவு இறங்கியதற்குப் பதிலாகக் குமட்டி கேட்டது சின்னச் சின்ன விஷயம்தான். தன் கூட்டத்தில் கொஞ்சம் பேர் உள்ளே போனாலே ஓர் ஆளைச் சாய்க்கப் போதும் என்று இருக்க வேண்டும். குணமாகி எழுந்து நடந்தவனிடமே, தான் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி வர உரிமை வேண்டும். சொரிமுத்து அழுத்தினான்.

நல்ல பேரம். அங்கேயே ஆற்றில் இறங்கியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை.

அவன் இறங்கவில்லை. இவ்வளவு சுலபமாக இறங்கிய ஆள் இன்னும் இறங்குவான் என்று உள்ளுக்குள் அரிப்பு. விசேஷம் முடியட்டும், இன்னொரு நாள் உட்கார்ந்து இதை ஒரு பொழுதாகக் குறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். கழுவாவிட்டால் நான் உம்மோடுதானே தங்க வேண்டும் தரகரே என்று குமட்டி நினைவூட்டியது. தங்கிக்கொள், என்னைத் தின்றுவிடவா போகிறாய் என்றான்.

அதுவரை பேசாமல் கிடந்த ஆளி அப்போதுதான் வாயைத் திறந்தது.

"கழுவிப்போடும் தரகரே. இத்தனை நாள் வயித்துல வச்சிருந்தவன் சொல்றேன். இது நிக்கிற இடத்துல நிக்காது."

"உன் வேலையைப் பாரு" என்றான். துணைக்கு ஒரு குடுவைச் சாராயத்தை வாங்கிக் கையில் ஊற்றிக்கொண்டான். அது போதையில் மயங்கிக் கிடக்கட்டும் என்று நினைப்பு. விரல் இடுக்கில் குமட்டி சுகமாகக் கால் நீட்டிப் படுத்தது.

வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. சமையலுக்கு நல்லபெருமாள் வந்திருந்தான். ஆற்றுக்கு அப்பால் மேட்டில் குடிசை, மனைவி, இரண்டு பிள்ளைகள். சொரிமுத்து தன் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்து வேலையை ஒப்படைத்தான். நல்லபெருமாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டான்.

விடிந்து பார்த்தால் அடுப்புக்குப் பின்னால் நல்லபெருமாள் குனிந்து நின்றுகொண்டிருந்தான். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வேர்வை.

"அண்ணாச்சி, குடலே வெளிய வருது. கை நடுங்குது. வேற ஆளை வச்சுக்கிடுங்க."

சொரிமுத்துவுக்குச் சுள்ளென்று ஏறியது. இலை போடுகிற நாளில் ஆளுக்கு எங்கே போவது? சந்தையில் செய்வதையே இங்கேயும் செய்தான். வீட்டுக்குப் போக வேண்டும் என்றவனை, உச்சிப்பொழுதுவரை நில் என்றான். அடுப்பு வேலை மட்டும் செய்கிறேன், பரிமாற வரவில்லை என்றவனை, தயிர்சோறு மட்டும் பிசைந்து வை என்றான். இப்போது இறங்கிப் போனால் இந்த ஊரில் இனி ஒரு அடுப்பும் உனக்கு இல்லை என்று கடைசியில் மிரட்டினான்.

"ஒரு வேளைதானே வே. சமாளி."

நல்லபெருமாள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அண்டாவுக்குள் விட்டான்.

கொதித்த சாம்பாரும் ரசமும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கையால் பிசைந்த தயிர்சோறும், நறுக்கிப்போட்ட வெள்ளரிக்காய்ப் பச்சடியும்தான் இலை இலையாகப் போயின. வண்டிக்காரர்கள் சாப்பிட்டார்கள். தோணிக்காரர்கள் சாப்பிட்டார்கள். கப்பலேறப் போகிறவர்கள் வாழ்த்திவிட்டுக் கிளம்பினார்கள். ஆவுடைக்கு ஒரு வாய் குழைத்து ஊட்டியது சொரிமுத்துதான்.

மறுநாள் ஊரில் கோழிகூடக் கத்தவில்லை. வீட்டுக்கு வீடு ஓங்கரிப்புச் சத்தம். கிணற்றடிக்குப் போனவன் கிணற்றடியிலேயே சுருண்டான். அவனைத் தாங்க வந்தவனும் கை பட்டுச் சாய்ந்தான். வாசற்கதவைத் தொட்டவர்கள், ஒரே செம்பில் தண்ணீர் மொண்டவர்கள், எவரையும் அது விடவில்லை. சொரிமுத்துவும் இரண்டு தடவை தரையில் விழுந்து எழுந்தான். அவனுக்குத் தன் உடம்பு பெரிதில்லை. ஆவுடை காலையிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது. மேலுக்கும் கீழுக்கும் போய்ப் போய், பிள்ளையின் உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது. அழுதது, கண்ணில் நீர் வரவில்லை.

மனைவி பேச்சி கஞ்சித் தண்ணீரில் உப்பைப் போட்டு, விரல் முனையால் தொட்டுத் தொட்டு நாக்கில் விட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை கக்கியது. துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"சந்தையில எல்லாத்தையும் ஜெயிச்சுட்டு வருவீங்களே. இதைப் பேசி இறக்குங்க பாப்போம்."

அவன் ஒரு கை சாம்பலை அள்ளிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினான். தண்ணீரில் இறங்கி நின்று, வா, முடித்துக்கொள்வோம் என்று கத்தினான். இரண்டு மூன்று நாள் பேச்செல்லாம் வேண்டாம், என்ன கேட்டாலும் தருகிறேன், என் பிள்ளையை விடு என்றான். அவன் அப்படிப் பேசி அந்த ஆறு கேட்டதேயில்லை.

விரல் இடுக்கிலிருந்து குமட்டி பேசியது. குரலில் அதே பணிவு.

"உம்மோடு முடிக்கலாம் தரகரே, கழுவும். ஆனால் நான் இப்போது ஓர் ஆள் இல்லை. வெற்றிலையில் போனவன் வேறு, தயிர்சோற்றில் போனவன் வேறு, கப்பலேறிப் போனவன் வேறு. அவனவன் இருக்கிற கையோடுதான் அவனவன் பேரம்."

பிள்ளை உயிரைக் கேட்கமாட்டாயென்று நினைத்தேனே என்றான் சொரிமுத்து.

"நான் கேட்கவில்லையே. தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் என் வேலை. போன தண்ணீரைத் திருப்பி ஊற்ற ஆள் இருக்கிற வீட்டில் நான் இரண்டு மூன்று நாள் விருந்தாளி. இல்லாத வீட்டில் என்ன ஆகிறதென்று திரும்பிப் பார்ப்பது என் வழக்கமில்லை."

சொரிமுத்து சாம்பலைப் போட்டுத் தேய்த்தான். உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண் என்று தோல் சிவக்கிறவரை தேய்த்தான். ஓடுகிற தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. விரலில் ஊர்ந்துகொண்டிருந்தது நின்றது. வீட்டுக்கு ஓடினான். பேச்சி இன்னும் அதே இடத்தில், அதே கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. கன்னத்தில் ஈரம். பேச்சி அதைத் தொட்டுப் பார்த்து, தன் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

அந்த ஈரத்தைப் பார்த்தபிறகுதான் சொரிமுத்துவுக்கு நல்லபெருமாள் நினைவு வந்தது. மீதிக் கஞ்சியை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து மேட்டுக்கு ஏறினான்.

குடிசையில் நல்லபெருமாளும் மனைவியும் எழ முடியாமல் கிடந்திருக்கிறார்கள். பானையில் தண்ணீர் இல்லை. ஆறு கீழே, கூப்பிடு தூரத்தில் ஒருவர் வீட்டிலும் நடமாட்டம் இல்லை. நல்லபெருமாள் வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இளைய பிள்ளை மடியில் கிடந்தது. தூங்குகிறதாக்கும் என்றுதான் சொரிமுத்து நினைத்தான். கிட்டே போனபோது தெரிந்தது.

நல்லபெருமாள் கோபப்படவில்லை.

"ஒரு வேளைதானேன்னு சொன்னீங்க, அண்ணாச்சி."

சொரிமுத்து குனிந்து குடிசைக்குள் போனான். கஞ்சியை மூத்த பிள்ளைக்கும் தாய்க்கும் ஊற்றினான். குழி வெட்டினான். அதற்குப் பிறகு தரகுத் துண்டைத் தோளில் போடவில்லை. ஊரில் எங்கே அடுப்பு மூட்டினாலும் போய் வாசலில் நிற்பான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எவன் நின்றாலும், கூலியை வாங்கிக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவான். விசேஷ வீட்டுக்காரன் முணுமுணுத்தால் அடிக்கப் போவான். ஆனால் அவனால் ஓர் ஊரில்தான் நிற்க முடிந்தது. கப்பல்கள் அதற்குள் எல்லாக் கரையிலும் ஒதுங்கியிருந்தன.

சொரிமுத்து கழுவாமல் வந்த அந்தப் பகலிலிருந்துதான் குமட்டிக்கு ஆளியின் வயிற்றோடு மனிதன் கையும் சொந்த வீடானது. அதனால்தான் அது கூட்டம் கூடுகிற இடமாகப் பார்த்து இறங்குகிறது, விடுதி, பள்ளிக்கூடம், கப்பல், கல்யாணப் பந்தி என்று. அதனால்தான் சாராயத்தை ஊற்றினால் அது அசைவதில்லை, ஓடுகிற தண்ணீரில் தேய்த்தால் ஓடிவிடுகிறது. ஒருமுறை படுத்தவனையே மறுபடி படுக்கவைக்கிறது. தண்ணீர் பக்கத்தில் இருக்கிற வீட்டில் இரண்டு மூன்று நாள் படுத்திவிட்டுப் போகிறது, தண்ணீர் தூரத்தில் இருக்கிற வீட்டில் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகிறது. உலகம் முழுக்க, வருஷா வருஷம்.

அதனால் உன்னைத்தான் கேட்கிறேன், திசைக்கொரு பக்கம் கையைக் காட்டுகிறவனே. உன் அடுப்படியில் இப்போது ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கூலியைக் கையில் கொடுத்து அவனை வீட்டுக்கு அனுப்பு. வயிறு அடங்கிய பிறகும் இரண்டு நாள் அவன் அங்கேயே இருக்கட்டும், உன் பாத்திரம் ஓடிவிடாது. மேட்டுத் தெருவுக்கு ஒரு குழாய் போடு, வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, போட்டு முடி. சாக்குச் சொல்லாதே, பேரம் பேசாதே. அந்தக் கையை இங்கே கொண்டுவா, கழுவு.