மாசிலாமணிக்கு ஒரு ஜோடி

இதய டாக்டர் வடிவுக்கு அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மாரடைப்பு வந்த கணவர் மாசிலாமணியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், ஊரே மெச்சும் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவள்தான். அங்கே அடைத்த ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாளே போய்விட்டார். இடத்தை மாற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா?

அதற்காகவே ஓர் ஆய்வில் இறங்கினாள். எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஸ்டென்ட், ரத்தம் உறையாமலிருக்க எந்த மருந்து, எது யாரைக் காப்பாற்றியது என்று ஒப்பிடும் ஆய்வு. ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி என்றால், இன்னொன்றில் அவரைப் போலவே ஒருவரைத் தேடி ஜோடி சேர்க்க வேண்டும். வயது, சர்க்கரை, அடைப்பு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை.

கம்ப்யூட்டர் மாசிலாமணிக்குச் சேர்த்த ஜோடி, ஐயம்பெருமாள் என்ற பஸ் டிரைவர். அரசு ஆஸ்பத்திரியில் வேறு ஸ்டென்ட், வேறு மருந்து. ஆள் நன்றாக இருக்கிறார்.

வடிவு தன் குருவான பீர்முகமதுவிடம் போய் நின்றாள். அந்த அரசு ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவே அவர் பொறுப்பில்தான் இருந்தது. அந்த ஆளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். அவர் எதுவும் கேட்கவில்லை. ஐயம்பெருமாள் பரிசோதனைக்கு வரும் நாளில் அவளையும் வரச் சொன்னார்.

ஐயம்பெருமாள் வந்தார். இந்த டாக்டரம்மாவும் பார்க்கலாமா என்று பீர்முகமது கேட்டதற்குத் தாராளமாகத் தலையாட்டினார். மாத்திரை கசக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். கருவாடு சாப்பிடலாமா என்று ஆசையாகக் கேட்டார். மாசிலாமணி கருவாட்டு வாசனைக்கே எழுந்து ஓடுகிறவர்.

பீர்முகமது ஸ்டெதஸ்கோப்பை வடிவிடம் நீட்டினார்.

"கேளு."

கேட்டாள். சீரான, நல்ல துடிப்பு. கணவர் மார்பில் காதை வைத்துத் தூங்கிப் பழகியவள் அவள். அவர் போனதிலிருந்து இந்தச் சத்தத்துக்குத்தான் தவியாய்த் தவித்தாள். கையை எடுக்க மனம் வரவில்லை. ஐயம்பெருமாளும் ஏதோ பெரிய சோதனை போலும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் இது மாசிலாமணியுடையது இல்லை. அவருடைய துடிப்பு அவளுக்குத் தெரியும்.

ஐயம்பெருமாள் போனதும் வடிவு உடைந்து அழுதாள்.

"எல்லாம் பொருந்துச்சே சார். இங்க கூட்டிட்டு வந்திருந்தா இருந்திருப்பாரா?"

"ஒரு ஜோடிய வச்சு அதச் சொல்ல முடியாதும்மா. ஆயிரம் ஜோடி சேந்தா, எந்த மருந்து நல்லதுன்னு சொல்லலாம்."

"எனக்கு ஆயிரம் வேண்டாம் சார். அவர் ஒருத்தர் போதும்."

பீர்முகமது நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்து நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு வர்றவரோட சம்சாரமும் இதத்தான் சொல்லுவா, வடிவு. மிச்ச ஜோடிகள அவளுக்காகச் சேத்து முடி."