சபைக்கு வந்த செவ்வாழை

முன்னொரு காலத்தில், அது எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள், கடலோர ராஜ்ஜியம் ஒன்றைச் செண்டலங்கார மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். பசி என்று வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டார். ஒரே ஒரு குறை, புதுப் பொருள் எதைக் கண்டாலும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். ஒரு வருஷம் கண்ணாடிப் பல்லக்கு செய்து, சித்திரை வெயிலில் அதில் ஏறி ஊர்வலம் போய், பாதி வெந்து இறங்கினார். அதற்கடுத்த வருஷம் வந்து சேர்ந்ததுதான் சீமைச் சவுக்காரம்.

கப்பல் வியாபாரி ஒருவன் கொண்டுவந்த சரக்கு அது. ரோஜா நிறம், கண்ணாடி மாதிரி வழவழப்பு, ஒரு தேய் தேய்த்தால் தொட்டி நிறைய நுரை. வாசனையோ, ராஜா கிழக்கு வாசலில் நுழைந்தால் மேற்கு வாசல் காவலன் எழுந்து நிற்பான்! அரண்மனையின் சந்தனம், அகில், பன்னீர் எல்லாவற்றுக்கும் அதிகாரியாக இருந்த பன்னீர்ராயர், ஒரு பெட்டி நிறைய வாங்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மகாராஜா சபையில் ஒரு கட்டளையும் போட்டார்.

"இந்த வாசனை எமக்கு மட்டுமே உரியது. வேறு யார் மேலாவது இது வீசினால், அவர் எமது எல்லையை விட்டு வெளியேற வேண்டும்!"

சபை முழுக்க ஆகா என்றது. விகடகவி சவடமுத்து மட்டும் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றான்.

"நீ என்ன சொல்கிறாய், சவடமுத்து?"

"மகாராஜா, வாசனை அபாரம். ஆனால் குளிப்பது தோல் அல்லவா? மூக்கு மட்டும் சம்மதித்தால் போதுமா?"

மகாராஜா சிரித்துவிட்டார். பன்னீர்ராயருக்கு அடிவயிறு எரிந்தது. தான் வருஷம் முழுக்க அத்தர் பூசி வாங்கும் பாராட்டை இந்தப் பயல் ஒரு பேச்சில் தட்டிக்கொண்டு போகிறானே என்று அவருக்கு நெடுநாள் கடுப்பு. சமயம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் போயிற்று. மகாராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி முழங்கையைச் சொறிய ஆரம்பித்தார். பிறகு கழுத்து. பிறகு, கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தலை. ராஜா சொறியும்போது நாம் சும்மா இருந்தால் மரியாதை இல்லையே என்று மந்திரி சொறிந்தார். தளபதி சொறிந்தார். நாலே நாளில் சபை மொத்தமும் சொறிய, வெளியூர்த் தூதன் ஒருவன் அதுதான் இந்த நாட்டு வணக்கம் என்று நினைத்துத் தானும் சொறிந்துவிட்டுப் போனான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குளியல் மண்டபத்துக்குப் பின்னால் மகாராஜாவின் செவ்வாழைத் தோப்பு இருந்தது. மண்டபத்து வாய்க்கால் நேரே அங்கேதான் போகும். ராஜா குளித்த தண்ணீரைக் குடித்தே பதினோரு வருஷமாக அந்த வாழைகள் யானைத் துதிக்கை பருமனில் தார் தள்ளின. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தோப்புப் பழம் ஒன்று இல்லாவிட்டால் மகாராஜாவுக்குச் சாப்பிட்டதாகவே இராது. அந்தத் தோப்பு இப்போது ஓரமெல்லாம் கருகி, குருத்து அழுகி, வரிசையாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

பன்னீர்ராயர் தோட்டக்காரி மாடத்தியைச் சபைக்கு இழுத்து வரச் செய்தார்.

"மகாராஜா, இவள் கவனக்குறைவால் தோப்பு அழிந்தது. இவளை நாடு கடத்துவதே நியாயம்."

மாடத்தி மண் அப்பிய கையைக் கூப்பினாள். "மகராசா, நான் பிள்ள மாதிரி வளத்த வாழைங்க. முன்னெல்லாம் நீங்க பயத்தமாவும் சீயக்காயும் தேச்சுக் குளிப்பீக. அந்தத் தண்ணி பாஞ்சா மண்ணு பொலபொலன்னு இருக்கும். இப்ப அந்தச் சிவப்புக் கட்டித் தண்ணி பாஞ்சதுலருந்து மண்ணு மேல வெள்ளையாப் பொரிஞ்சு கிடக்கு. ஒரு மண்புழுவக் காணோம். அந்தத் தண்ணிதான் மகராசா..."

"கேட்டீர்களா!" பன்னீர்ராயர் துள்ளினார். "மன்னர் திருமேனி தொட்ட நீரை விஷம் என்கிறாள்! இது ராஜத்துரோகம் அல்லவா?"

மகாராஜாவின் முகம் சிவந்தது. அரிப்பு வேறு. "நாளைக் காலையில் இவள் எல்லைக்கு அப்பால் இருக்க வேண்டும்!"

சவடமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். மாடத்தியை அவனுக்கு நன்றாகத் தெரியும். தோப்பைவிட்டால் அவளுக்கு வேறு கதி கிடையாது. தவிர, ராஜாவுக்குப் போகும் சீப்பில் ஒரு பழம் எப்போதும் அவனுக்கென்று அவள் மடியில் ஒளிந்திருக்கும். தின்ற வாய் சும்மா இருக்குமா?

"மகாராஜா, அவள் சொல்வது உண்மை!"

"சாட்சி யார்?"

"அந்த வாழைதான் சாட்சி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. பன்னீர்ராயர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "அப்படியானால் வாழையே சபைக்கு வந்து சாட்சி சொல்லட்டும், மகாராஜா. அதற்குப் பதிலாக இந்த விகடகவி பேசிவிடக் கூடாது. விசாரணை அன்று சபையில் இவன் வாயைக் கட்டிவைக்க வேண்டும்!"

"அவ்வாறே ஆகட்டும்," என்றார் மகாராஜா முதுகைச் சிம்மாசனத்தில் உரசிக்கொண்டே. "மூன்று நாள் தவணை. வாழை சாட்சி சொல்லாவிட்டால், அவளோடு நீயும் மூட்டையைக் கட்டு."

தோப்பில் மாடத்தி அவனைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "எதுக்குய்யா வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீரு? நான் ஒருத்தி போறது போதாதா? வாழ எங்கயாச்சும் பேசுமா?"

"அதத்தான் நானும் யோசிக்கேன். மம்பட்டியக் குடு," என்றான் சவடமுத்து.

செத்த வாழை ஒன்றின் அடியைத் தோண்டிக் கிழங்கோடு புரட்டினான். மண்ணை ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். இன்னொரு தரம் முகர்ந்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான் பாருங்கள், மாடத்திக்கு இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பயமாகிவிட்டது.

"மாடத்தி, இந்தக் கிழங்க மண்ணோட வாழ இலையில இறுக்கிக் கட்டி வையி. காத்துப் படக் கூடாது. அப்புறம், நீ தேச்சுக் குளிக்கிறியே ஒரு கட்டி, அதுல ரெண்டு எனக்கு வேணும்."

அது மாடத்தி கையால் செய்வது. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்தச் சாற்றில் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் வெட்டிவேர்ப் பொடியும் பிசைந்து, உருட்டி நிழலில் காயவைத்த கட்டி. பார்க்க வறட்டி மாதிரி இருக்கும். நுரையும் சொற்பம்தான். சவடமுத்து அதை ஒரு வெள்ளித் தட்டில் வைத்து மகாராஜாவிடம் கொண்டுபோனான்.

"மகாராஜா, சாட்சி தெளிவாகக் கேட்க வேண்டுமானால் சபை துடைத்தாற்போல் இருக்க வேண்டும். தாங்கள் இந்த மூன்று நாளும் சீமைச் சவுக்காரத்தைத் தொடாமல், இதைத் தேய்த்து நீராட வேண்டும்."

"இதையா? இது மாட்டுக்குத் தேய்ப்பது போலிருக்கிறதே!"

"தங்கள் கட்டளைப்படி வாழை பேச வேண்டும், மகாராஜா. அதற்கு இது தேவை."

தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட மகாராஜா முணுமுணுத்தபடி சம்மதித்தார்.

மூன்றாம் நாள் சபை கூடியது. இடம் பிடிக்க முடியாத கூட்டம். வாயைத் துணியால் கட்டிய சவடமுத்து முன்னால் வர, பின்னால் நாலு காவலர் ஒரு தட்டில் இலைப்பொட்டலத்தைத் தூக்கி வந்தார்கள். அதற்கு மாலை வேறு போட்டிருந்தது. அதைச் சாட்சிக்கூண்டில் வைத்ததும், சவடமுத்து பொட்டலத்தின் கட்டை அவிழ்த்தான். மகாராஜாவைக் கைகாட்டி அழைத்தான். மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

மகாராஜா இறங்கி வந்து குனிந்தார். முகர்ந்தார். அவர் கண் விரிந்தது.

"அட! இது எம்முடைய சவுக்காரம்! மண்ணுக்குள்ளே, கிழங்குக்குள்ளேகூட அதே வாசனை!"

சபை சலசலத்தது. மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மகாராஜா, மோசம் போகாதீர்கள்!" பன்னீர்ராயர் கத்தினார். "இவளே சவுக்காரத்தைத் திருடி அதன்மேல் தேய்த்திருப்பாள்!"

"பெட்டிச் சாவி உம் இடுப்பில் அல்லவா இருக்கிறது, ராயரே?" என்றபடி மகாராஜா சிம்மாசனத்தை நோக்கித் திரும்பினார். இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். மறுபடி முகர்ந்தார். வாழை அந்தப் பக்கம் இருக்கிறது, வாசனை இந்தப் பக்கமிருந்து வருகிறதே! தன் புறங்கையை முகர்ந்தார். வெட்டிவேர்தான் மணத்தது. அப்போதுதான் இன்னொன்றும் அவருக்குப் புரிந்தது. காலையிலிருந்து அவர் ஒரு தடவைகூடச் சொறியவில்லை. அவர் சொறியாததால் மந்திரி சொறியவில்லை, தளபதி சொறியவில்லை. சபை முழுக்கக் கைகட்டி நின்றது.

ஒரே ஒரு ஆள் மட்டும் அங்கவஸ்திரத்துக்குள் கையை விட்டு விலாவைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்துகொண்டிருந்தார்.

"பன்னீர்ராயரே, சற்று அருகில் வாரும்."

"எனக்கு... சளி, மகாராஜா. தங்களுக்கும் தொற்றிவிடும்."

மகாராஜாவே நடந்து போனார். ராயரின் தோளருகே மூக்கை நீட்டினார். அவ்வளவுதான், ராயர் தடாலென்று காலில் விழுந்தார். பெட்டியிலிருந்து கட்டி கட்டியாக எடுத்துப் போய்த் தாமும் தேய்த்துக் குளித்துவந்தது அத்தனையும் வெளியே வந்தது. ராஜாவின் வாசனைக்கு நடுவில் தன் வாசனை யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்!

சவடமுத்து வாய்க்கட்டை அவிழ்த்தான். "மகாராஜா, நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாழையைத்தான் சாட்சிக்கு அழைத்தேன், ராயர் தாமாகவே துணைக்கு வந்துவிட்டார். மூன்று நாளாக அவர் கடந்து போகும்போதெல்லாம் தாங்கள்தான் வருகிறீர்கள் என்று எழுந்து எழுந்து என் முழங்காலே தேய்ந்துவிட்டது."

மகாராஜாவுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. "மாடத்தி, உன் மேல் குற்றமில்லை. தோப்பு உனக்கே. ஆனால் எமது கட்டளை ஒன்று இருக்கிறதே. அந்த வாசனை வீசுகிறவர் எல்லையைத் தாண்ட வேண்டும். ராயரை அனுப்பட்டுமா, சவடமுத்து?"

காலடியில் கிடந்த ராயரைச் சவடமுத்து பார்த்தான். நாடு கடத்திவிடுவார்களோ என்று மூன்று நாளாகத் தான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அதே பாட்டை இன்னொருத்தன் பட்டுப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

"வாசனை வீசினால்தானே அவர் போக வேண்டும், மகாராஜா? அந்தப் பெட்டியைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். ராயர் மாடத்தியின் எருக்குழியில் ஒரு மாதம் வேலை செய்யட்டும். அப்புறம் அவர் மேல் சீமை வாசனை வீசுகிறது என்று யாராவது சொல்லிவிட முடியுமா?"

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மந்திரியின் மடியில் விழுந்தது.

"சரி, ராயரின் பதவி காலியாகிவிட்டதே! இனி வருகிற சவுக்காரத்தில் எது நல்லது என்று யார் எமக்குச் சொல்வது?"

சவடமுத்து மாடத்தியைப் பார்த்தான். அவள் தன்னோடு கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்த சின்ன வாழைக்கன்றைத் தூக்கி வந்தாள். கருகாத மூலையிலிருந்து எடுத்த ஒரே கன்று. சவடமுத்து அதை வாங்கி, காலியாக இருந்த ராயரின் ஆசனத்தில் உட்காரவைத்தான்.

"இதோ, புது அதிகாரி. நிறத்தைப் பார்த்து மயங்கமாட்டார். நுரையைக் கண்டு துள்ளமாட்டார். எந்தக் கட்டி வந்தாலும் அதைக் கரைத்த தண்ணீரை முதலில் இவர் குடிக்கட்டும். இவர் தளதளவென்று நின்றால் தாங்கள் கொஞ்சம் முழங்கையில் தேய்த்துப் பாருங்கள். முழங்கையும் சரி என்றால் குளியுங்கள். சம்பளமும் பெரிதாகக் கேட்கமாட்டார், ஒரு கூடை எரு போதும்."

மகாராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சவடமுத்துவுக்குப் போட்டார். மாடத்தியின் கட்டிதான் இனி அரண்மனைக் கட்டி என்று அறிவித்தார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றார்.

"அதிகாரி தள்ளும் முதல் தார், மகாராஜா. இத்தனை நாள் மறைத்து மறைத்துத் தின்றதை ஒருநாள் பகிரங்கமாகத் தின்ன ஆசை."

மறு வருஷம் அந்தக் கன்று தோப்பில் வளர்ந்து தார் தள்ளியது. வெட்டிய தாரைத் தலையில் சுமந்து சபைக்குள் வந்தவர் பன்னீர்ராயர். ஒரு மாதத் தண்டனை எப்போதோ முடிந்திருந்தும் அவர் தோப்பைவிட்டுப் போகவில்லை. தாரை இறக்கி வைத்தவர், மகாராஜா என்னவென்று கேட்பதற்குள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். ஒரு கீறல் இல்லை.

"மகாராஜா, சொறிந்து ஒரு வருஷம் ஆகிறது," என்றார் அவர். மகாராஜா சிரித்துக்கொண்டே முதல் பழத்தைப் பிய்த்து அவர் கையில் வைத்தார். இரண்டாவது சவடமுத்துவுக்கு.