காட்டெருமை துப்பிய புல்

வேம்பன்மடுவில் விலங்குகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தலைவர் பதவியிலிருந்து இறங்கியவர் கூட்டத்துக்கு வந்தால், வாய் நிறையப் புல்லை அடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது! புதுத் தலைவருக்கு அதுதான் மரியாதையாம். நல்ல மரியாதை!

அந்தக் கோடையில் முள்ளம்பன்றி புதுத் தலைவர். பதவி விட்டு இறங்கியிருந்தது காட்டெருமை.

மலைக்கு அந்தப் பக்கத்துக் காடு தீப்பிடித்து எரிந்தது. தப்பிய மான்கள் மடுவைத் தேடி ஓடி வந்தன. முள்ளம்பன்றி உடனே பாதையை இலந்தை முள்ளால் அடைக்கச் சொன்னது.

"வெளியில பொறந்தவங்களுக்கு இங்க தண்ணி கிடையாது!"

வேலிக்கு வெளியே ஒரு தாய்மான் நின்றது. அதன் குட்டி எழ முடியாமல் நாக்கு வறண்டு கிடந்தது.

"ஐயா, எனக்கு வேண்டாம். இதுக்கு மட்டும் ஒரு வாய் தண்ணி குடுங்க!" என்று கெஞ்சியது.

மடுவில் கூட்டம் கூடியது. முள்ளம்பன்றி பேசப் பேச எல்லாம் தலையாட்டின. காட்டெருமை மட்டும் மான்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று வாயிலிருந்த புல்லைத் துப்பியது.

"இது அநியாயம், தலைவரே! வேலியைப் பிரிங்க!"

"ஐயையோ! பழைய தலைவர் பேசிட்டாரே!" என்று கத்தியது நாரை.

முள்ளம்பன்றிக்கு முட்கள் சிலிர்த்தன. "பெரியவரே, மடுவில தண்ணி முழங்கால் அளவுதான் இருக்கு. நம்மவங்களுக்கே பத்துமான்னு நான் தவிக்கிறேன். அது கிடக்கட்டும். காட்டுப்பன்றிங்க வந்தப்போ இதே பாதையை அடைச்சது யாரு? நீங்கதானே!"

"ஆமா, நான்தான் அடைச்சேன். ரெண்டு குட்டி செத்துப்போச்சு. அப்போ பழைய தலைவரா இருந்த யானையம்மா இங்கதான் உக்காந்து புல்லை மென்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க வாயைத் திறக்காதது எனக்கு எவ்வளவு வசதியா இருந்துச்சு தெரியுமா? அந்த வசதியை உங்களுக்கு நான் தர மாட்டேன்!"

யாருக்காவது உறைத்ததா? இல்லை! இறங்கியவர் பேசலாமா, கூடாதா என்று வாக்குவாதம் தொடங்கியது. "பதவி ஆசை விடலை!" என்றது நாரை. "தனியா கூப்பிட்டுக் காதோட சொல்லியிருக்கலாமே!" என்றது குரங்கு. "தலைவர் பேரு கெட்டுப்போகுமே!" என்றது மயில். தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

காட்டெருமை அதற்கு மேல் பொறுக்கவில்லை. கொம்பால் முள்ளைக் குத்திப் பிரித்தது. முகமெல்லாம் ரத்தம் வடிய வழி திறந்தது.

தாய்மான் உள்ளே வரவில்லை. குட்டியை நக்கி நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தியது.

"என் குட்டி போயிடுச்சு. அவர் பேசினது சரியா தப்பான்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டது.



அநியாயம் கண்ணெதிரே நடக்கும்போது அதைச் சுட்டிக்காட்டியவரின் தகுதியை விசாரித்துப் பொழுதைக் கழிப்பவர்களும் அந்த அநியாயத்தில் பங்காளிகளே.