லேபிள் உரிந்த இரண்டு ஜாடிகள்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கல்லூரி வேதியியல் கூடத்தைப் பெருக்குகிறேன். இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உலோகம் ஊறும் மண்ணெண்ணெய் வெளியே பட்டு, சோடியம் ஜாடியிலும் பொட்டாசியம் ஜாடியிலும் லேபிள் உரிந்துவிட்டது. துறைத்தலைவர் கனகசபாபதி மாணவர்கள் முன்னால் கத்தினார்.

“ரஞ்சிதம், உன் துடைப்புத்துணியாலதான் போச்சு. எது எதுன்னு இப்பவே சொல்லு. இல்லன்னா நாளையிலேருந்து வராதே!”

“உங்களுக்குத் தெரியாதா சார்?”

“பார்த்தாலே தெரியும். இதுதான் சோடியம்.”

“அப்போ அதுல அரிசி அளவு எடுத்துத் தண்ணியில போடுங்க சார். தனிம அட்டவணையில ரெண்டும் மேல்வீடு, கீழ்வீடு. கீழ்வீட்டுப் பொட்டாசியம் எலக்ட்ரானைத் தளர்வாத்தான் பிடிச்சிருக்கும், அதனால ஆவேசம் ஜாஸ்தின்னு நீங்கதான் பாடம் நடத்தினீங்க. எதைப் போட்டதும் நீங்க ஓடுறீங்களோ, அது பொட்டாசியம்.”

மாணவர்கள் சிரித்தார்கள். சார் விறைப்பாக, தான் காட்டிய ஜாடியிலிருந்தே ஒரு துணுக்கை எடுத்துத் தொட்டியில் போட்டுக் குனிந்து பார்த்தார். பட்டென்று ஊதா நெருப்பு எழுந்தது. சார் வராண்டாவில் போய்த்தான் நின்றார்.

“கண்டுபிடிச்சிட்டீங்க சார்!” என்றேன்.

வேலை தப்பித்தது. ஆனாலும் புது லேபிள் ஒட்டி, இரண்டிலும் அவரிடமே கையெழுத்து வாங்கிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.