அத்திமரமும் பிரதானியின் தலைப்பாகையும்

மருதங்காட்டு அரண்மனையில் நெற்களஞ்சியத்தை ஒட்டி ஒரு அத்திமரம். வேர் களஞ்சியத்துச் சுவருக்குள் புகுந்துவிட்டது. கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

ராஜா தோட்டக்காரன் வேம்படியானைக் கூப்பிட்டார். "வேரை நிறுத்து. ஆனால் மண்ணில் கடப்பாரை படக்கூடாது. அங்கே என் அப்பாவின் சமாதி இருக்கிறது."

அவன் என்ன செய்வான்? அரிவாளோடு மரமேறினான். பாதிக் கிளைகளைக் கழித்துவிட்டு இறங்கினான். வந்தது வினை.

மறுநாள் சபையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிரதானி திருவம்பலம் எகிறினார். "காலில் முள் குத்தினால் தலையை மொட்டையடிப்பானா, மகாராஜா? இருந்த நிழலும் போச்சு. நாடு கடத்துங்கள் இவனை! தோட்டத்தை என் ஒன்றுவிட்ட தம்பி பார்த்துக்கொள்வான்."

பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போவான் வேம்படியான்? தட்டுத்தடுமாறிச் சொன்னான். "சாமி, இலைதான் சோறு பொங்குது. வேரு அதைத் தின்னுட்டுத்தான் ஓடுது. பொங்குறது குறைஞ்சா ஓட்டமும் குறையும்."

சபை சிரித்தது. "தோண்டிப் பார்க்காமல் இதை எப்படி நம்புவது?" என்றார் ராஜா.

அரண்மனை விகடன் பிச்சாண்டி எழுந்தான். "நான் காட்டுகிறேன் மகாராஜா. எட்டு நாள் தவணை கொடுங்கள். பிரதானியாரின் தலைப்பாகையையும் கொடுங்கள்."

"அது எதற்கு?"

"அது இல்லாமல் ஆகாது."

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. "கழற்றும் பிரதானி!"

பிரதானி வெறுந்தலையோடு வீட்டுக்குப் போனார். பதவி பறிபோய்விட்டது என்று ஊர் பேசியது. பிச்சாண்டி மறுக்கவில்லை.

எட்டாம் நாள். வேம்படியான் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் சபைக்கு வந்தான். ஆனால் அங்கே வேறு அமளி. களஞ்சியக் காவல் தலைவன் ஓட்டம்; அவன் பிரதானியின் மைத்துனன். சுங்கச்சாவடி அதிகாரி தலைமறைவு; அவன் மருமகன். யானைக் கொட்டடியில் மூன்று பேருக்கு ஒரே நாளில் வயிற்றுவலி; மூவரும் சித்தப்பா பிள்ளைகள்.

ராஜா வாயைப் பிளந்தார். "அடேய் பிச்சாண்டி, இத்தனை பேர் எங்கெங்கே புகுந்திருக்கிறார்கள்! எப்படி விரட்டினாய்?"

"நான் ஒருத்தரையும் தொடவில்லை மகாராஜா. மேலே கொஞ்சம் கழித்தேன். கீழே ஓட்டம் நின்றுவிட்டது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேம்படியானுக்குப் பட்டுச்சால்வை, வேலையும் அவனுக்கே. தலைப்பாகை பிரதானியிடம் திரும்பியது.

"அவ்வளவுதானே? இனிமேல் தொல்லை இல்லையே?" என்று தோட்டக்காரனைக் கேட்டார் ராஜா.

வேம்படியான் பாவம், மரத்தைத்தான் நினைத்தான். "அப்படி விட்டுற முடியாது சாமி. மறுபடி தழைக்கும். வருசம் தவறாம ஒரு தடவை கழிச்சு விடணும்."

பிரதானி இரண்டு கையாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார்.