ஒரே வாசலுக்கு இரண்டு விதிகள்

காட்டாற்றின் கரைமேட்டில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. போன வருடத்து வெள்ளம் அதன் வளையை இடித்துவிட்டது. அதில் அடித்துச் செல்லப்பட்ட அதன் தங்கை அல்லி அக்கரையில் ஒதுங்கியது.

ஆறு வற்றிய பிறகும் அல்லிக்குப் பயம் போகவில்லை. "பத்திரமான வளை ஒன்று தோண்டு அக்கா, வந்துவிடுகிறேன்!" என்று அங்கிருந்தே கூவும். அந்தக் குரலைக் கேட்டால் முள்ளி தின்கிற கிழங்கைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடும்.

எல்லோரும் சேர்ந்து வாழ ஒரே வளையாகத் தோண்டலாம் என்று பெருச்சாளியும் உடும்பும் முள்ளியோடு கூட்டுச் சேர்ந்தன. பெருச்சாளி ஈரமணலில் வளையின் படத்தை வரைந்தது.

"வெள்ளம் வந்தால் வாசலை அடைத்துவிட வேண்டும்!" என்றது.

"நம்மில் ஒருவர் வெளியே இருந்தாலும் வாசல் திறந்தே இருக்க வேண்டும்!" என்றது உடும்பு.

இரண்டும் நல்ல விதிகள்தான். முள்ளியின் நகங்கள் துடித்தன. இன்றே தோண்டத் தொடங்கினால் மழைக்கு முன் தங்கை வந்துவிடும்!

ஆனாலும் அது படத்தின் முன் உட்கார்ந்தது. ஆளுக்கொரு கூழாங்கல் வைத்தது. வெள்ளம் இல்லாதபோது எல்லோரும் உள்ளே இருந்தாலும், ஒருவர் வெளியே இருந்தாலும் சிக்கல் இல்லை. வெள்ளம் வந்தபோது எல்லோரும் உள்ளே. அதிலும் சிக்கல் இல்லை. பிறகு ஒரு கல்லை மட்டும் வெளியே நகர்த்தியது. முள்ளியின் முட்கள் சிலிர்த்தன.

"அண்ணே! வெள்ளம் வரும்போது ஒருவர் வெளியே இருந்தால்? உங்கள் விதிப்படி அடைக்க வேண்டும். உடும்பண்ணன் விதிப்படி திறக்க வேண்டும்!"

"என் விதியில் என்ன தப்பு?" என்று சீறியது பெருச்சாளி.

"தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே வாசலுக்குப் பொருந்தாது!"

"சரி, வெள்ளம் எட்டாத மேட்டு உச்சியில் இன்னொரு வாசல் வைப்போம். அதை எப்போதும் அடைக்க வேண்டாம்" என்றது உடும்பு.

"அதற்குள் மழை வந்துவிடுமே! உன் தங்கை?" என்றது பெருச்சாளி.

முள்ளி அக்கரையைப் பார்த்தது. "அந்த வாசலையும் தோண்டுங்கள்" என்றது மெதுவாக.

மேல்வாசல் முடிந்த அன்றே மழை கொட்டியது. ஆறு பொங்கியது. முள்ளியும் உடும்பும் கீழ்வாசலை அடைத்தன. இரை தேடப் போயிருந்த பெருச்சாளி நனைந்து நடுங்கியபடி மேல்வாசல் வழியாக வந்து விழுந்தது. "பிழைத்தேன் முள்ளி!" என்று அழுதது.

முள்ளி அதை நக்கி உலர்த்திவிட்டு மேல்வாசல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. "அல்லி! தண்ணீர் வடிந்ததும் வா!" என்று கத்தியது. இரைச்சலில் அதன் குரல் அதற்கே கேட்கவில்லை. மழை ஓயும்வரை அது வாசலைவிட்டு நகரவில்லை.

தனித்தனியே நல்லவையான விதிகளும் ஒன்றோடொன்று மோதலாம்; ஆசை எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கட்டுவதற்கு முன்பே அவற்றை எல்லா நிலைமையிலும் பொருத்திப் பார்த்துவிட வேண்டும்.