ஏழு பேருக்கும் ஒரே சவ்வு

ஏய், மொதல்ல உக்காருங்கடே. அந்தப் பொரிப் பொட்டலத்தைக் கீழ வை, நீ மெல்லுத சத்தத்துல என் பேச்சு எனக்கே கேக்கல. பேசுதவன் வாயை மூடு. மூடியாச்சா? சரி.

மேலக்குறிச்சி கபடி டீமைப் பத்திச் சொல்லுதேன். ஏழு பேரு. ஒவ்வொருத்தனும் மூளையை ரொம்பப் பத்திரமா வச்சிருப்பான். வெளியவே எடுக்க மாட்டான்.

அதுல மாசானம்தான் பாடிப் போறவன். அவன் போனாத்தான் பாயிண்டு. மத்தவன் போனா, எதிர் டீம்காரன் டீயைக் குடிச்சிட்டு நிதானமா வந்து பிடிப்பான். மாசானம் பேச மாட்டான். கபடி கபடின்னு சொல்லுததோட சரி.

ஞாயித்துக்கெழமை வடக்கூரோட பைனல். வியாழக்கெழமை பாத்து மாசானத்துக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு. குனிய முடியல, கையைத் தூக்க முடியல. கூப்பிட்டா பீரோ மாதிரி மொத்தமாத் திரும்புதான்.

டவுன்ல மசாஜ் சென்டர் வச்சிருக்க ஸ்டெல்லாக்காகிட்ட தூக்கிட்டுப் போனானுவ. அக்கா தடவிப் பாத்துட்டு வெவரமாச் சொன்னாவ.

"ஆரஞ்சுச் சுளையைச் சுத்தி மெல்லிசாத் தோல் இருக்கும்லா? அது மாதிரி சதையைச் சுத்தி ஒரு சவ்வு. உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு சேந்து ஓடுது. அது இறுகிப் போனா இப்படித்தான். அவசரப்படாம ஆழமா அழுத்திவிட்டா எளகும். ஆனா வலிக்க எடத்தையே போட்டுக் குத்தாதீங்க. முதுகுல வலிச்சாலும், இழுக்கது இடுப்பா இருக்கும், தொடையா இருக்கும்."

சொல்லிட்டு முழங்கையால மெதுவா ஒரு அழுத்து. மாசானத்துக்குக் கை பாதி மேல போச்சு.

"நான் தங்கச்சி கல்யாணத்துக்குப் போறேன். பைனல் அன்னைக்கு வந்துருவேன். அதுவரைக்கும் காலையும் சாயங்காலமும் நீங்களே செய்யுங்க."

நல்லா கவனிங்க. இந்த வேலையை இவனுவகிட்ட விட்டுட்டுப் போனாவ.

ஊருக்கு வந்ததும் பாயை விரிச்சு மீட்டிங் போட்டானுவ. கேப்டன் நல்லமாடன் தொண்டையைச் செருமுனான், சட்டசபையில எந்திரிச்ச மாதிரி.

"முதுகுல வலின்னா முதுகுல அழுத்தக் கூடாது. சரிதானல?"

"சரிதான். இடுப்புல அழுத்தணும்."

"இடுப்பு ரொம்பக் கிட்டத்துல கெடக்கு. தள்ளி அழுத்துனா இன்னும் நல்லதுல்லா?"

"அப்போ குதிகால்."

தவசிக்கனி யோசிச்சான். அவன் யோசிச்சாலே ஊருக்குச் சேதம்தான்.

"ஏலே, நம்ம கோச்சு என்ன சொல்லுவாரு? ஏழு பேரும் ஒரே உடம்பா ஆடணும்பாரு. ஒரே உடம்புன்னா ஒரே சவ்வுதான? எல்லாரும் கையைக் கோத்துக்கிட்டா, என்னைய அழுத்துனாலும் மாசானத்துக்குப் போய்ச் சேந்துரும்."

எல்லாவனும் கையைத் தட்டுனான். அப்படி ஒரு அறிவு.

"ஒனக்கு வலிக்குமேடே?"

"மாசானத்துக்காகத் தாங்கிக்கிடுதேன்."

அவனைப் பாயில போட்டு அழுத்துனானுவ. தாங்குனான் பாருங்க! அஞ்சே நிமிசத்துல கொறட்டை. கை கோத்த வரிசையோட அந்தக் கடைசியில, ஒருத்தன் சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டு மாசானம் மைல்கல் மாதிரி உக்காந்திருக்கான்.

மறுநாள் ஒரே சண்டை. "நேத்து நீ தியாகம் பண்ணிட்ட. இன்னைக்கு நான்தான் தியாகம் பண்ணுவேன்!"

ஞாயித்துக்கெழமை ஆறு பேரும் அவிச்ச சேமியா மாதிரி தொளதொளன்னு மைதானத்துக்கு வந்தானுவ. மாசானம் மட்டும் வெறச்சுக் கெடந்தான். ஸ்டெல்லாக்கா முதுகைத் தொட்டுப் பாத்துட்டுப் பதறிட்டாவ.

"யாரும் கையே வைக்கலியா?"

"வச்சோமேக்கா. ஆறு பேரு மேலயும் வச்சோம்," நல்லமாடன் நெஞ்சை நிமித்திச் சொன்னான்.

அக்கா தலையில அடிச்சுக்கிட்டு, மைதானத்து ஓரத்துலயே பாயை விரிச்சாவ. "குப்புறப் படுங்க மாசானம். நான் அழுத்தும்போது மூச்சை வெளிய விடுங்க. யாராவது இவர் கையைப் பிடிச்சுக்கோங்க."

ஆறு பேரும் பாஞ்சானுவ. கணுக்காலுக்கு ரெண்டு பேரு, தொடைக்கு ரெண்டு பேரு, இடுப்புக்கு ரெண்டு பேரு. பழக்க தோசம். கையை மட்டும் ஒருத்தனும் பிடிக்கல.

அக்கா முழங்கையை ஊனுனாவ. "மூச்சை விடுங்க."

மாசானம் விடல. மூஞ்சி செவந்துட்டு. ஒதடு மட்டும் அசையுது.

"விடுங்கய்யா!"

"கபடி கபடி கபடி..."

ஒரே உந்து! காலைப் பிடிச்சவன், இடுப்பைப் பிடிச்சவன், முதுகுல தொத்திக்கிட்டிருந்த ஸ்டெல்லாக்கா, அத்தனை பேரையும் இழுத்துக்கிட்டே தவந்து போனான். ஓட்டப் பந்தயத்துக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டுட்டுத்தான் மூச்சு விட்டான். விட்டதும் முதுகு பொலபொலன்னு எளகிட்டு, ரெண்டு கையும் ஜம்முன்னு மேல போகுது.

அதுக்குள்ள அம்பயரு மூணு தடவை மைக்குல கூப்பிட்டுப் பாத்துட்டு, ஆள் வரலன்னு கப்பைத் தூக்கி வடக்கூர்க்காரன்கிட்ட குடுத்துட்டாரு. அங்க மேளம் அடிக்கான்.

நல்லமாடன் புழுதியில உக்காந்து அழுதான். "போச்சேலே! பைனல் போச்சே!"

மாசானம் எந்திரிச்சு முட்டியைத் தட்டிவிட்டுக்கிட்டு, மூணு நாளைக்கு அப்புறம் வாயைத் தொறந்தான்.

"என்னல போச்சு? ஏழு பேரு பிடிச்சிய, ஏழு பேரையும் இழுத்துட்டு வந்து கோட்டைத் தொட்டுட்டேன். ஏழு பாயிண்டு போடச் சொல்லு. ஸ்டெல்லாக்கா அவுட்டு, வெளிய போய் உக்காரச் சொல்லு."